பதில் வராத பத்து வினாடி

ஒரு கல்யாணப் பந்தியில் பெரியத்தை என் வேலையைப் பற்றிக் கேட்டாள். "கம்ப்யூட்டர்ல என்னம்மா பண்ற நீ?" யார் கேட்டாலும் "டெஸ்டிங்" என்று சொல்லி நகர்ந்துவிடுவது என் வழக்கம். அன்று பாயசம் வரத் தாமதமானதால் விளக்க ஆரம்பித்தேன். இரண்டு மிஷின்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருக்கும். நான் நடுவில் உட்கார்ந்துகொண்டு, ஒன்று சொன்னதை இன்னொன்றின் காதில் விழாமல் பண்ணுவேன். சிலதைத் தாமதமாக விடுவேன். சிலதை இரண்டு தடவை சொல்வேன். சிலதைக் கொஞ்சம் மாற்றிச் சொல்வேன். முன்னால் சொன்னதைப் பின்னாலும் பின்னால் சொன்னதை முன்னாலும் தள்ளிவிடுவேன்.

அத்தை இலையிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். "இதுக்கா சம்பளம் குடுக்கறாங்க? நம்ம குடும்பத்துல இதைச் சும்மாவே பண்றதுக்கு நாலு பேரு இருக்காங்களே."

பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன். யோசித்துப் பார்த்தால் அத்தை சொன்னதில் தப்பில்லை. ஒரு குடும்பத்தில் யார் எப்படிப்பட்டவர் என்பது எல்லாம் ஒழுங்காக நடக்கும்போது தெரிவதில்லை. ஒரு தகவல் போய்ச் சேராமல் போனதும்தான் தெரிகிறது. பத்திரிகை வைக்க ஆள் வரவில்லை என்றால் ஒருத்தர் "மறந்திருப்பாங்க" என்பார், இன்னொருத்தர் "வேணும்னே பண்றாங்க" என்பார். பதில் வராத இடத்தை ஒவ்வொருவரும் தன் குணத்தைக் கொண்டு நிரப்புகிறார்கள். மிஷின்களும் அப்படித்தான். அந்தக் குணத்தை வெளியே கொண்டுவருவதற்காக வேண்டுமென்றே கோளாறு செய்து பார்ப்பதற்கு எங்கள் தொழிலில் 'ஃபால்ட் இன்ஜெக்‌ஷன்' என்று பெயர்.

இதைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருக்கிறேன். எழுதாததற்குக் காரணம் ஒரு பாட்டி.

*

முதலில் அப்பாவின் மணியார்டர்.

கல்யாணத்துக்கு முன் அப்பா பம்பாயில் ஒரு மில்லில் வேலை பார்த்தார். மாதா மாதம் ஊரிலிருந்த ஆயாவுக்கு மணியார்டர் அனுப்புவார். படிவத்தின் ஒரு பகுதி ஒப்புகைச் சீட்டு. ஊர்த் தபால்காரர் பணத்தைக் கொடுத்துவிட்டு அதில் ஆயாவின் கைநாட்டை வாங்குவார். அந்தத் துண்டு மட்டும் திரும்பப் பயணம் செய்து பம்பாய் வந்து சேரும். ஆயாவுக்கு எழுதத் தெரியாது. அதனால் அந்த ஊதாநிறக் கட்டைவிரல் ரேகைதான் அவள் மகனுக்கு எழுதிய ஒரே கடிதம்.

ஒரு மாதம் சீட்டு வரவில்லை. அப்பா இரண்டு வாரம் பொறுத்தார். பணம் போய்ச் சேரவில்லையா, அல்லது பணம் சேர்ந்து சீட்டு மட்டும் வழியில் தொலைந்துவிட்டதா? பம்பாயில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஊரில் கிழவி அரிசிக்கு என்ன செய்வாளோ என்று கடன் வாங்கி மறுபடியும் அனுப்பினார். இரண்டுமே போய்ச் சேர்ந்திருந்தன. ஆயா, மகனுக்குச் சம்பளம் ஏறிவிட்டது என்று நினைத்து ஒரு ஆட்டுக்குட்டி வாங்கிவிட்டாள். அப்பா அந்தக் கடனை அடைக்க நாலு மாதம் ஆனது. இந்தக் கதையை அவர் எப்போதும் ஆட்டுக்குட்டியோடு முடித்துச் சிரிப்பார்.

கம்ப்யூட்டர் வலைப்பின்னலில் இருக்கும் மிகப் பழைய சிக்கல் இதுதான். அனுப்பியதற்குப் பதில் வரவில்லை. போன செய்தி தொலைந்ததா, வந்த பதில் தொலைந்ததா? 1970களிலேயே இதை ஒரு புதிராக எழுதி வைத்துவிட்டார்கள். ஜிம் கிரே 1978ல் அதற்கு இரண்டு தளபதிகள் என்று பெயர் வைத்தார். இரண்டு மலைகளில் இரண்டு படைகள். நடுப் பள்ளத்தாக்கில் எதிரி. தாக்கும் நேரத்தைத் தூதன் மூலம்தான் சொல்லியனுப்ப முடியும், தூதன் வழியில் பிடிபடலாம். "செய்தி கிடைத்தது" என்று பதில் அனுப்பினால், அந்தப் பதில் போய்ச் சேர்ந்ததா என்று அனுப்பியவனுக்குத் தெரியாது. அதற்கொரு பதில், அதற்கும் ஒரு பதில். எத்தனை தூதர்களை அனுப்பினாலும் இருவருக்கும் முழு நிச்சயம் வரவே வராது என்று நிரூபிக்கலாம். இணையம் அந்த நிச்சயம் இல்லாமல்தான் ஓடுகிறது. கொஞ்ச நேரம் காத்திரு, பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பு. எவ்வளவு நேரம் காத்திருப்பது, மறுபடி அனுப்பியது இரண்டாவது தடவையாகப் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும், இந்த இரண்டு கேள்விகளில்தான் எல்லா விபத்தும் ஒளிந்திருக்கிறது.

1986 அக்டோபரில் அப்படி ஒன்று நடந்தது. கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே 400 கஜம் தூரம். நடந்தே போய்விடலாம். அந்த இணைப்பின் வேகம் நொடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டுக்கு விழுந்தது. பாதை நெரிசலாக இருந்ததால் பதில் தாமதமானது. பதில் வரவில்லையே என்று மிஷின்கள் மறுபடி அனுப்பின, அதனால் நெரிசல் இன்னும் கூடியது. ஒயர் எதுவும் அறுந்துபோகவில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் பொறுமை இழந்தார்கள், அவ்வளவுதான். வான் ஜேக்கப்சன் 1988ல் எழுதிய கட்டுரையில் இதை விவரித்து, பொறுமையை எப்படி நிரலாக எழுதுவது என்றும் சொன்னார். இன்று நம் போனில் இருக்கும் டிசிபி அந்தக் கட்டுரையின் பேரப்பிள்ளை.

*

நான் சேர்ந்த இரண்டாவது வருடம் பால் திட்டம் வந்தது. ஒரு தனியார் பால் நிறுவனத்துக்காக எங்கள் கம்பெனி ஒரு சின்னப் பெட்டி செய்தது. கிராமத்துக் கொள்முதல் நிலையத்தில் தராசோடும், கொழுப்பு பார்க்கிற மிஷினோடும் அதை இணைத்துவிடுவார்கள். பால் ஊற்றுகிறவர்களின் எண், எத்தனை லிட்டர், கொழுப்பு எவ்வளவு, எல்லாம் சிம் கார்டு வழியாக சர்வருக்குப் போகும். சர்வர் அதைப் பதிந்துகொண்டு "பதிந்தேன்" என்று பதில் அனுப்பும். பதில் வந்ததும் பெட்டி தன் நினைவிலிருந்து அந்தக் கணக்கை அழித்துவிடும். பத்து நாளுக்கு ஒரு முறை பட்டுவாடா.

அதைச் சோதிக்கும் பொறுப்பு எனக்கு. மேசையில் பெட்டி, எதிரில் சர்வராக ஒரு கம்ப்யூட்டர், நடுவில் என் லினக்ஸ் மடிக்கணினி. லினக்ஸில் நெட்எம் என்று ஒரு வசதி உண்டு. ஒரே ஒரு வரிக் கட்டளையில், போகிற பாக்கெட்டுகளில் நூற்றுக்கு ஐந்தைத் தொலைத்துவிடு, மீதியை 300 மில்லிசெகண்ட் தாமதப்படுத்து, சிலதை இரட்டிப்பாக்கு என்றெல்லாம் சொல்லலாம். நல்ல இணைப்பை ஊத்தங்கரைப் பக்கத்து டவர் மாதிரி ஆக்கிவிடலாம். அப்படித்தான் நினைத்தேன்.

அப்போது எனக்குப் பிடித்த கதை பார்ட்டன் மில்லர் கதை. 1988ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர். இடியும் மழையுமான ஒரு இரவில் வீட்டிலிருந்து தொலைபேசிக் கம்பி வழியாகப் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டரில் வேலை செய்துகொண்டிருக்கிறார். மழையில் கம்பி இரைய, அவர் தட்டச்சு செய்வதோடு சம்பந்தமில்லாத எழுத்துகளும் சேர்ந்து போகின்றன. மழையில் கம்பி இரைவது அவருக்கு ஆச்சரியமாக இல்லை. அந்தக் குப்பை எழுத்துகளைப் பார்த்து, எல்லாரும் தினமும் பயன்படுத்துகிற யூனிக்ஸ் நிரல்கள் செத்து விழுந்ததுதான் ஆச்சரியம். அந்தப் பருவத்தில் மாணவர்களுக்கு அதையே பாடமாகக் கொடுத்தார்: மழையை நிரலாக எழுதுங்கள். கன்னாபின்னாவென்று எழுத்துகளை உண்டாக்கி நிரல்களின் வாயில் திணித்தார்கள். சோதித்தவற்றில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை நொறுங்கின அல்லது உறைந்தன. 'ஃபஸ்' என்கிற சோதனை முறை பிறந்தது இப்படித்தான்.

நானும் மழையை நம்பினேன். ஐந்து சதவீத இழப்பு, பத்து சதவீத இழப்பு, இருபது. மூன்று இரவுகள் தொடர்ந்து ஓட்டினேன். பெட்டி ஒரு கணக்கைக்கூடத் தொலைக்கவில்லை, இரட்டிப்பாக்கவும் இல்லை. ஆன்டெனாவை முழுதாகப் பிடுங்கினேன். கணக்கை நினைவில் வைத்திருந்து, திரும்ப மாட்டியதும் அனுப்பியது.

அதற்கு முன், சோதனைத் திட்டத்தை எழுதும்போது, முப்பத்தொன்றாவது வரியாக ஒன்று எழுதியிருந்தேன். "சர்வர் பதிந்த பிறகு பதில் மட்டும் தொலைந்தால்?" டீம் லீட் படித்துவிட்டு என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். "இது எதுக்கும்மா? தொலைஞ்சா டிசிபி திரும்ப அனுப்பும். அதுக்குத்தானே டிசிபி." ரிலீஸுக்கு ஒரு வாரம் இருந்தது. அவர் சொன்னது பாதி உண்மை. பாதி உண்மைக்குப் பதில் சொல்ல அரை மணி நேரமாவது ஆகும். எனக்கு அன்று ஏழரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது. வரியை அழித்தேன். கையெழுத்துப் போட்டேன்.

*

மூன்று மாதம் கழித்து பால் நிறுவனத்திலிருந்து புகார் வந்தது. சில நிலையங்களில் சர்வர் கணக்குப்படி வந்த பால், டேங்கரில் ஏறிய பாலைவிட அதிகமாக இருந்தது. சில கணக்குகள் இரண்டு தடவை பதிந்திருந்தன. காசு கூடுதலாகப் போகிறது என்றதும் எல்லாரும் விழித்துக்கொண்டார்கள்.

எங்கள் சோதனைக்கூடத்தில் அது வரவே இல்லை. நான் மறுபடியும் மூன்று இரவுகள் மழை பெய்ய வைத்தேன். ஒன்றுமில்லை. காத்திருக்க நேரமில்லாத சர்வர் ஆட்கள் ஒரு விதியை எழுதினார்கள்: ஒரு உறுப்பினருக்கு ஒரு வேளைக்கு ஒரே பதிவு. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. இரண்டாவதாக ஏதாவது வந்தால் அது நகல், அழித்துவிடு. அன்றோடு புகார் நின்றது. டேங்கர் கணக்குக்கும் சர்வர் கணக்குக்கும் சில இடங்களில் இன்னும் வித்தியாசம் இருந்தது. இப்போது சர்வரில் குறைவு, டேங்கரில் அதிகம். அதைப் பற்றி யாரும் எழுதவில்லை. அது நிறுவனத்துக்கு நஷ்டமில்லை.

இரட்டைப் பதிவு அதிகம் வந்த நிலையங்களில் பெட்டியின் உள்ளேயிருந்த பதிவேடுகளை எடுத்துவர என்னை அனுப்பினார்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு கிராமம். காலை ஐந்தரைக்குப் போய்ச் சேர்ந்தேன். தகரக் கூரை, சின்ன அறை, வாசலில் தூக்குவாளிகளோடு பெண்கள். கரண்ட் இல்லை. பெட்டி பேட்டரியில் ஓடியது. என் போனில் டவர் ஒரு கோடு, பிறகு இல்லை, பிறகு இரண்டு கோடு. "கரண்ட் போனா டவரும் இப்படித்தான் வந்து வந்து போவும்" என்றார் செக்ரட்டரி. அந்த வாக்கியத்தைக் கேட்க நான் சென்னையிலிருந்து ராத்திரி பஸ்ஸில் வந்திருக்க வேண்டியதில்லை, போன் பண்ணியே கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை.

வரிசையில் ஒரு பாட்டி நின்றிருந்தாள். இரண்டு கையிலும் இரண்டு வாளி. முதல் வாளியை ஊற்றினாள். எண்ணை அழுத்தி, எடை பார்த்து, கொழுப்பு பார்த்தார் செக்ரட்டரி. இரண்டாவது வாளியைத் தூக்கியதும் அவர் குரல் மாறியது.

"உன்னோட இதே ரோதனையாப் போச்சு. ரெண்டாவது ஏறாது. எத்தனை வாட்டி சொல்றது?"

"ஏன் ஏறாது? இது எம்பொண்ணு மாட்டுப் பாலு. அவ புள்ளத்தாச்சியா கிடக்கறா, நான்தான் ரெண்டையும் கொணாறேன். ஒரே அட்டைதான். எப்பவும் அப்படித்தானே ஊத்தறேன்?"

"போன பட்டுவாடாவுல பார்த்தியே, ஒண்ணுதான் வந்திருக்கு. நீ ரெண்டு ஊத்தினேன்னா மிஷினுக்குத் தெரியாதா?"

"அப்ப நான் பொய் சொல்றனா?"

செக்ரட்டரி பதில் சொல்லவில்லை. வரிசையில் நின்றவர்களும் எதுவும் சொல்லவில்லை. அவர்கள் பாட்டியைப் பார்க்காமல் அவரவர் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாட்டி இரண்டாவது பாலைக் கேனில் ஊற்றினாள். பாலைத் திரும்ப எடுத்துப்போய் என்ன செய்வது? வெயில் ஏறினால் திரிந்துவிடும்.

நான் மூலையில், மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு, உட்கார்ந்திருந்தேன். காலையில் மூன்று லிட்டர், மாலையில் இரண்டு லிட்டர், பத்து நாள். ஐம்பது லிட்டர் பால். ஆயிரத்து அறுநூறு ரூபாய் பக்கம் வரும். ரசீது பேப்பர் தீர்ந்து மாதக்கணக்காகியிருந்ததால் யார் கையிலும் சீட்டு இல்லை. பெட்டியின் நினைவிலும் இல்லை, சர்வர் "பதிந்தேன்" என்று சொல்லிவிட்டதால் அழிந்துவிட்டிருந்தது. சர்வரில், நகல் என்று சொல்லி நீக்கிவிட்டார்கள். அந்த ஐம்பது லிட்டர் இருந்த ஒரே இடம் பாட்டியின் பேச்சுதான்.

கிளம்பும்போது அவள் வாசலில் சும்மாட்டுத் துணியை உதறிக்கொண்டிருந்தாள். "நீ கம்பெனிப் பொண்ணா கண்ணு?" என்றாள். ஆமாம் என்றேன். "உங்க மிஷினுக்கு என்னைக் கண்டா ஆவல போல." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

*

திரும்பிய பிறகு, தூக்கம் வராத ஒரு இரவில், ஒரு பழைய ஆய்வுக் கட்டுரையைப் படித்தேன். 1990களின் நடுவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் டாசன், ஃபர்னம் ஜஹானியன் குழுவினர் 'ஆர்கெஸ்ட்ரா' என்று ஒரு கருவி செய்தார்கள். சோதிக்க வேண்டிய நெறிமுறைக்கும் அதற்குக் கீழே இருக்கும் அடுக்குக்கும் நடுவில் ஒரு மெல்லிய அடுக்கைச் செருகுவது. போகிற வருகிற ஒவ்வொரு செய்தியையும் அது பிரித்துப் பார்க்கும். சின்ன நிரலில் அதற்குக் கட்டளை எழுதலாம்: இந்த வகைச் செய்தியை மட்டும் விழுங்கு, முப்பதாவது வந்த பிறகு எல்லாவற்றையும் நிறுத்து. மூல நிரல் கையில் இல்லாமலேயே, அன்று விற்பனையில் இருந்த டிசிபி மென்பொருள்களை அப்படிச் சோதித்தார்கள்.

கண்டுபிடித்தவை படிக்கச் சுவாரசியமானவை. இணைப்பில் நெடுநேரம் பேச்சே இல்லையென்றால் "இருக்கிறாயா?" என்று கேட்பதற்கு ஒரு செய்தி உண்டு. முன்னிருப்பாக இரண்டு மணி நேரத்துக்கு, அதாவது 7,200 வினாடிக்கு, முன் அதைக் கேட்கக் கூடாது என்று 1989ல் வெளிவந்த ஆர்எஃப்சி 1122 சொல்கிறது. சோலாரிஸ் 6,752 வினாடியிலேயே கேட்டது. இன்னொன்று: எதிர்முனை "எனக்கு இப்போது இடமில்லை, பொறு" என்று சொல்லிவிட்டால், அவ்வப்போது "இப்போது இடம் இருக்கிறதா?" என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே கேபிளைப் பிடுங்கிவிட்டு இரண்டு நாள் கழித்து மாட்டிப் பார்த்தார்கள். மிஷின்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தன.

இதெல்லாம் மழையில் தெரியாது. மழை எல்லா இடத்திலும் சமமாகப் பெய்யும். மில்லரின் மழை குருட்டுத்தனமானது, அதன் பலமும் அதுதான், யாரும் யோசிக்காத ஓட்டை வழியாக உள்ளே போகும். ஆனால் சில ஓட்டைகள் ஒரு நொடி மட்டும் திறந்து மூடுகின்றன. சர்வர் பதிந்துவிட்டது, பதில் இன்னும் வந்து சேரவில்லை. அந்த இடைவெளியில் டவர் போக வேண்டும், பத்து வினாடிக்கு மேல் போக வேண்டும். என் நெட்எம் தொலைத்த பாக்கெட்டுகளை டிசிபி ஒன்றிரண்டு வினாடியில் திரும்ப அனுப்பிச் சரிசெய்துகொண்டே இருந்தது. டீம் லீட் சொன்ன பாதி உண்மை அதுதான். மீதிப் பாதி என்னவென்றால், பெட்டிக்குள் எழுதியிருந்த பொறுமை பத்து வினாடி மட்டுமே. அதற்குள் பதில் வராவிட்டால் இணைப்பை மூடிவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கும். மூடிய இணைப்புக்கு டிசிபியால் ஒன்றும் செய்ய முடியாது. வீடு மாறிப் போனவனுக்கு வந்த கடிதம் மாதிரி, பதில் திரும்பிப் போய்விடும்.

மறுநாள் அறுபது வரியில் ஒரு பைத்தான் நிரல் எழுதினேன். பெட்டி அனுப்புவதை அப்படியே சர்வருக்குக் கடத்தும். சர்வரின் பதில்களையும் கடத்தும். மூன்றாவது பதிலை மட்டும் பதினோரு வினாடி கையில் வைத்திருக்கும்.

முதல் தடவையிலேயே வந்துவிட்டது. மூன்றாவது பால் இரண்டு தடவை பதிந்திருந்தது. பெட்டி, கணக்கின் வரிசை எண்ணைப் பால் ஊற்றும்போது கொடுக்கவில்லை, அனுப்பும்போது கொடுத்தது. மறுபடி அனுப்பியபோது அதே பாலுக்குப் புது எண். சர்வருக்கு அது புதுப் பால். மூன்று மாதமாக மறைந்திருந்த தவறு, நான் அழித்த முப்பத்தொன்றாவது வரிக்குள் முழுதாக உட்கார்ந்திருந்தது.

தவறைக் கண்டுபிடித்தால் சோதனையாளருக்கு ஒரு சந்தோஷம் வரும். அது அன்றும் வந்தது, அதை மறைக்க மாட்டேன். டீ குடிக்கப் போகும்வரை இருந்தது.

*

டிசிபி படித்தவர்களுக்கு ஃபில் கார்னின் பெயர் தெரிந்திருக்கும். 1987ல் அவரும் கிரெய்க் பார்ட்ரிட்ஜும் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. போய்வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று டிசிபி அளந்துகொண்டே இருக்கும், அதை வைத்துத்தான் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று முடிவெடுக்கும். ஒரு செய்தியை இரண்டு தடவை அனுப்பிய பிறகு ஒரு பதில் வருகிறது. அது முதல் தடவைக்கான பதிலா, இரண்டாவதற்கானதா? தெரியாது. எதையாவது ஒன்றை ஊகித்துக் கணக்கில் சேர்த்தால் அளவு கெட்டுப்போகும். கார்னின் தீர்வு மிக எளிமையானது. எதற்கான பதில் என்று தெரியாவிட்டால் அதை அளவுக்கு எடுத்துக்கொள்ளாதே. ஒரே ஒரு தடவை அனுப்பி, அதற்குப் பதில் வந்த செய்தியை மட்டும் நம்பு. அதுவரைக்கும் கூடுதலாகவே பொறுத்திரு.

கல்லூரியில் இதை ஐந்து மதிப்பெண் கேள்வியாகப் படித்தேன். இப்போது படித்தபோது வேறு மாதிரி இருந்தது. எங்கள் சர்வர் விதி இதற்கு நேர் எதிரானது. ஒரே எண்ணுக்கு இரண்டு பதிவு வந்தால் அது நகலாகவும் இருக்கலாம், இரண்டாவது மாட்டின் பாலாகவும் இருக்கலாம். தெரியாத இடத்தில் நாங்கள் ஊகித்தோம். ஊகம் நிறுவனத்துக்குச் சாதகமான பக்கம் சாய்ந்தது. செக்ரட்டரி அந்த ஊகத்தை நம்பினார். ஊர் செக்ரட்டரியை நம்பியது. ஒவ்வொரு அடுக்கும் தனக்குக் கீழே இருக்கிற அடுக்கைச் சந்தேகப்படாமல் மேலே கடத்தியது. கடைசி அடுக்கில் ஒரு பாட்டி பொய்க்காரி ஆனாள்.

திருத்தம் சின்னதுதான். பால் ஊற்றும்போதே எண் கொடுத்துவிட வேண்டும். எத்தனை தடவை அனுப்பினாலும் அதே எண். சர்வர் அந்த எண்ணை ஏற்கெனவே பார்த்திருந்தால் புதிதாகப் பதியாமல் "பதிந்தேன்" என்று மட்டும் மறுபடி சொல்ல வேண்டும். அப்பாவின் இரண்டாவது மணியார்டரில் "இது போன மாதத்துப் பணம்தான்" என்று ஒரு வரி இருந்திருந்தால் ஆயா ஆட்டுக்குட்டி வாங்கியிருக்க மாட்டாள். அதே விஷயம்தான்.

கூட்டத்தில் விளக்கினேன். முப்பத்தொன்றாவது வரியைப் பற்றியும் சொன்னேன், நான்தான் அழித்தேன் என்று. டீம் லீட் என்னைப் பார்த்தார். "நான்தான் வேண்டாம்னேன்" என்றார் கொஞ்ச நேரம் கழித்து. அவர் மேல் எனக்கு அதுவரை இருந்த கோபம் அதோடு போனது. சர்வர் விதியை நீக்கினார்கள். விதி இருந்த நாட்களுக்கு டேங்கர் சீட்டையும் சர்வர் கணக்கையும் ஒப்பிட்டு, விடுபட்ட பாலுக்குக் காசு கொடுக்க வேண்டும் என்று எழுதினேன். இழுத்தடித்தார்கள். டேங்கர் சீட்டில் யாருடைய பால் என்று இல்லையே என்றார்கள். ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர் வீதம் இடிக்கிறது, அந்த நிலையத்தில் ஒரே அட்டையில் இரண்டு வாளி ஊற்றுகிறவர் ஒரே ஒருவர்தான் என்று திரும்ப எழுதினேன். பதில் வரவில்லை. மறுபடி அனுப்பினேன். ஒவ்வொரு தடவையும் அதே எண்ணைப் போட்டு, இது பழைய கோரிக்கைதான் என்று சொல்லி அனுப்பினேன். ஐந்தாவது தடவை பதில் வந்தது.

*

புது மென்பொருளை ஏற்ற, இரண்டு மாதம் கழித்து, மறுபடி அந்த ஊருக்குப் போனேன். இந்த முறை ரசீது பேப்பர் இரண்டு டஜன் ரோல் வாங்கிப் போயிருந்தேன், கம்பெனிச் செலவில்தான். பாட்டி வந்தாள். இரண்டு வாளி. இரண்டு சீட்டு. சீட்டை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். படிக்கத் தெரியாது. எண்ணத் தெரியும். ஒன்று, இரண்டு என்று மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

வெளியே வந்து அவளிடம் கேட்டேன், பழைய காசு வந்துவிட்டதா என்று.

"வந்துச்சு கண்ணு. பட்டுவாடாவோட சேர்த்து வந்துச்சு. எண்ணிப் பார்த்தா கூட இருந்துது, என்னான்னு கேட்டேன், பழைய பாக்கின்னாரு."

"மிஷின்மேலதான் தப்புன்னு சொன்னாங்களா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். உள்ளே செக்ரட்டரி அடுத்த வாளிக்கு எடை பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லியே. அதெல்லாம் யாரும் வந்து சொல்லல."

இப்போது எந்தத் திட்டத்துக்குச் சோதனை எழுதினாலும், பதிலைப் பதினோரு வினாடி பிடித்து வைக்கும் அந்த அறுபது வரி நிரலை முதலில் ஓட்டுகிறேன். குழுவில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் ஏன் சரியாகப் பதினொன்று என்று கேட்டான். பெட்டி பத்து வினாடிதான் பொறுக்கும், அதைத் தாண்ட வேண்டும் என்றேன். அது சரியான பதில்தான். பாட்டியைப் பற்றி அவனிடம் சொல்லவில்லை, இதை எழுதும்வரை.

அன்று அவளிடம் நானே சொல்லியிருக்கலாம். வாசலில் நின்றபடி, எல்லாருக்கும் கேட்கும்படி, "அம்மா, நீங்க ரெண்டு வாளி ஊத்தினது உண்மைதான், நாங்கதான் தப்புப் பண்ணினோம்" என்று. இரண்டு வாக்கியம்தான். சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பஸ் ஹாரன் கேட்டது, "போ கண்ணு, இத வுட்டா பத்தரைக்குத்தான்" என்று அவளே என்னைத் தள்ளி அனுப்பினாள்.